ஃபேன் ஓடுகிறது, காற்று போகிறதா? காளான் அறைக் காற்றோட்டத்துக்கும் ஃபேன் பராமரிப்புக்கும் ஒரு முழு வழிகாட்டி

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு ஐப்பசி மழையில் என் சிப்பிக் காளான் அறையில் காம்புகள் நாலு அங்குலம் வளர்ந்து நின்றன. குடையோ ஒரு ரூபாய் நாணய அளவைத் தாண்டவில்லை. காளான் விதையான வித்து சரியில்லை என்று விற்றவரிடம் சண்டை போட்டேன். அடுத்த தடவை வேறு இடத்தில் வித்து வாங்கினேன், அப்போதும் அதே கதை. காளான் வளரும் வைக்கோல் வேகவில்லையோ என்று கூடுதலாக ஒரு மணி நேரம் வேகவைத்தும் பார்த்தேன். எக்ஸாஸ்ட் ஃபேன் மேல் மட்டும் சந்தேகமே வரவில்லை. அதுதான் இரவும் பகலும் 'கிர்ர்'ரென்று ஓடிக்கொண்டிருந்ததே.

போர் மோட்டாருக்குக் காயில் கட்டிக் கொடுத்துவிட்டுப் பணம் வாங்க வந்த அண்ணன் ஒருவர் அறைக்குள் எட்டிப் பார்த்தார். "ஏனுங்க, ஃபேன் ஓடுதுன்னு சொல்றீங்க. காத்து போகுதான்னு பாத்தீங்களா?" என்றார். ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி ஃபேனுக்கு ஒரு அடி முன்னால் பிடித்தோம். புகை நேராக மேலே போனது. வெளியே போய்ப் பார்த்தால், ஃபேன் காற்றில் திறந்து, நின்றால் மூடிக்கொள்ளும் ஷட்டரின் மடல்கள் மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. காளான் தூளும் ஈரமும் சேர்ந்து கோந்து மாதிரி இறுகியிருந்தது. நடு மடலுக்குப் பின்னால் பல்லி முட்டை இரண்டு. இரண்டு மாதமாக ஃபேன் தன் காற்றைத் தானே சுழற்றிக்கொண்டிருந்திருக்கிறது.

வித்து விற்றவரிடம் அப்புறம் மன்னிப்புக் கேட்டேன். அன்றிலிருந்து கற்றுக்கொண்டதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். என் அறை உடுமலை பக்கம். 16 அடிக்கு 12 அடி, உயரம் 9 அடி. ஹாலோ பிளாக் சுவர், மேலே சிமென்ட் ஷீட், அதன் மேல் தென்னங்கீற்று. உங்கள் அறை வேறு அளவாக இருந்தால் கணக்கு மாறும், வழி மாறாது.

எந்த அறைக்கு எவ்வளவு காற்று

காளானும் நம்மைப் போலத்தான் பிராண வாயுவை எடுத்துக் கரியமில வாயுவை விடுகிறது. வெளிக்காற்றில் கரியமில வாயு இன்று ஏறத்தாழ 420 பி.பி.எம்., அதாவது பத்து லட்சம் பங்கில் 420 பங்கு. சிப்பிக் காளான் மொட்டு விட்டுக் குடை விரிக்கும்போது அறைக்குள் அது 1000 பி.பி.எம்.முக்குக் கீழே இருப்பது நல்லது. மேலே போகப் போகக் காம்பு நீளும், குடை சுருங்கும். காற்று கிடைக்கும் இடத்தைத் தேடி எட்டிப் பார்ப்பது போல் காம்பு நீள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் மோசமானால் பவழப்பாறை போலக் கிளை கிளையாகக் காம்பு மட்டுமே வரும்.

வித்து பரவும் அறையில் நிலைமை நேர்மாறு. வைக்கோல் படுக்கையில் வெண்ணிற இழை ஓடும் அந்த 15 முதல் 20 நாளில் கரியமில வாயு பல ஆயிரம் பி.பி.எம். இருந்தாலும் இழைக்கு ஒன்றும் ஆகாது. அங்கே ஃபேனுக்கு வேலை வெப்பத்தை வெளியேற்றுவது மட்டும்தான். படுக்கையின் நடுவில் கையளவு ஆழத்துக்குத் தெர்மாமீட்டரைச் செருகிப் பாருங்கள், அறையைவிட இரண்டு மூன்று டிகிரி கூடுதலாகக் காட்டும். நெருக்கமாக அடுக்கினால் அதற்கு மேலும் போகும். அறை 30 டிகிரியைத் தாண்டினால் அந்த அறை ஃபேனைப் போடுங்கள். மற்றபடி காலையும் மாலையும் கதவைக் கொஞ்சம் திறந்து மூடினால் போதும். இந்த அறைக்குப் பெரிய ஃபேன் வாங்கிக் காசைக் கரியாக்காதீர்கள். இனிமேல் நான் சொல்வதெல்லாம் மொட்டு விட்டுக் காளான் பறிக்கும் அறுவடை அறைக்குத்தான்.

ஃபேன் அளவைக் கணக்கிடுவது

நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்குங்கள். என் அறைக்கு 16 × 12 × 9 = 1728 கன அடி. கன மீட்டரில் ஏறத்தாழ 49. சிப்பிக் காளான் அறுவடை அறையில் மணிக்கு 4 முதல் 8 தடவை உள்காற்று முழுவதும் மாற வேண்டும் என்பது நடைமுறைக் கணக்கு. நடுவில் 6 என்று எடுத்துக்கொண்டால் 49 × 6 = 294, அதாவது மணிக்கு ஏறத்தாழ 300 கன மீட்டர். ஃபேன் பெட்டியில் சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு இத்தனை கன அடி) என்று போட்டிருந்தால் அதை 1.7 ஆல் பெருக்கினால் மணிக்குக் கன மீட்டர் கிடைக்கும்.

இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறோம். பெட்டியில் போட்டிருக்கும் எண், முன்னும் பின்னும் எந்தத் தடையும் இல்லாமல் வெட்டவெளியில் ஓடும்போது வரும் எண். நாம் பின்னால் ஷட்டர் மாட்டுகிறோம். காற்று வரும் பக்கம் ஈ வலை அடிக்கிறோம். எக்ஸாஸ்ட் ஃபேன் இறக்கைகளுக்கு எதிர்ப்பைத் தாங்கும் பலம் குறைவு, ஆகவே பெட்டி எண்ணில் 60 சதவீதம்தான் கிடைக்கும் என்று நான் எடுத்துக்கொள்வேன். 9 அங்குல ஃபேன் பெட்டியில் மணிக்கு 550 கன மீட்டர் என்றிருந்தால் கைக்கு வருவது 330. என் அறைக்கு அது இழுத்துப் பிடித்துப் போதும், ஆனால் நாள் முழுக்க ஓட வேண்டும்.

அதற்குப் பதில் 12 அங்குல ஃபேன் ஒன்றைப் போட்டு டைமரில் விட்டுவிட்டு ஓட்டலாம் என்பார்கள். தப்பில்லை. நான் போட்டிருப்பது 9 அங்குல ஃபேன் இரண்டு, தனித்தனி சுவிட்ச். காரணம் எளிது: ஒன்று செத்தால் இன்னொன்று இருக்கும். ஞாயிற்றுக்கிழமை இரவு பத்து மணிக்கு எந்தக் கடையில் போய் ஃபேன் வாங்குவது?

எந்த மாதிரி ஃபேன்

வீட்டுச் சமையலறைக்கு விற்கும் பிளாஸ்டிக் ஃபேன் விலை குறைவு. அவற்றில் பலவற்றில் தண்டு சுழலக் குண்டுகள் வைத்த பால் பேரிங் இருக்காது, வெறும் உலோக வளையமான புஷ்தான் இருக்கும். சமையலறையில் நாளைக்கு இரண்டு மணி நேரம் ஓடுவதற்கு அது போதும். 85 சதவீத ஈரத்தில் நாளெல்லாம் ஓடினால் புஷ் தேய்ந்து தண்டு ஆட ஆரம்பிக்கும். கடையில் "பால் பேரிங்கா?" என்று கேட்டு வாங்குங்கள். மோட்டார் மூடியபடி இருக்க வேண்டும், காற்றுத் துளை தெரியும் திறந்த மோட்டார் வேண்டாம். தண்ணீர்த் தெறிப்புக்கு ஐ.பி. 44 என்ற பாதுகாப்புத் தரம் அல்லது அதற்கு மேல் போட்டிருந்தால் நல்லது. இறக்கை பிளாஸ்டிக்கா இரும்பா என்றால், பிளாஸ்டிக் துருப்பிடிக்காது, கழுவ எளிது. இரும்பு இறக்கைக்கு நல்ல பவுடர் கோட்டிங் இருந்தால் அதுவும் சரி.

ரெகுலேட்டர் வைத்து வேகத்தைக் குறைத்து ஓட்ட வேண்டாம். மின்னணு ரெகுலேட்டரில் இந்த மோட்டார்கள் உறுமும், மெதுவாக ஓடும்போது தன்னைத் தானே குளிர்வித்துக்கொள்ள முடியாமல் சூடேறும். காற்றைக் குறைக்க வேண்டுமானால் நேரத்தைக் குறையுங்கள்.

எங்கே மாட்டுவது

எங்கள் பக்கம் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று வைகாசியிலிருந்து ஆவணி வரை ஓயாது. ஆடியில் கேட்கவே வேண்டாம். நான் முதலில் மேற்குச் சுவரில் ஃபேன் மாட்டியிருந்தேன். வெளிக்காற்று எதிர்த்து அடித்ததில் ஃபேன் சுழன்றதே தவிர ஒன்றும் வெளியேறவில்லை, ஷட்டர் மடல்கள் 'டப் டப்' என்று அடித்துக்கொண்டதுதான் மிச்சம். இப்போது ஃபேன் கிழக்குச் சுவரில், காற்று வரும் ஜன்னல் மேற்கில். இயற்கைக் காற்று பின்னாலிருந்து தள்ள, ஃபேன் இழுக்கிறது. உங்கள் ஊரில் காற்று எந்தத் திசையில் அதிகம் என்று பக்கத்துத் தோட்டத்துப் பெரியவரைக் கேட்டால் சொல்லிவிடுவார்.

கரியமில வாயு கனமானது, அதனால் ஃபேனைத் தரையோரம்தான் வைக்க வேண்டும் என்று ஒரு பேச்சு உண்டு. காற்று கொஞ்சம் நகரும் அறையில் அது தனியாகத் தரையில் தேங்கி உட்காராது, கலந்துவிடும். உயரத்தைவிடக் காற்றின் பாதை முக்கியம். ஜன்னல் ஒரு மூலையில் கீழே, ஃபேன் எதிர் மூலையில் மேலே என்று குறுக்காக இருந்தால் காற்று, படுக்கைகள் தொங்கும் உறிகளுக்கு நடுவே புகுந்து போகும். ஜன்னலும் ஃபேனும் ஒரே பக்கத்தில் அருகருகே இருந்தால் புதுக்காற்று வந்த வழியே போய்விடும், மூலையில் தொங்கும் உறிக்கு ஒன்றும் கிடைக்காது. சிமென்ட் ஷீட்டுக்குக் கீழே தேங்கும் சூடும் போகட்டும் என்று நான் மேலே வைத்தேன்.

வலைக்கு வருவோம். காளான் ஈக்கள் நுழையாமல் இருக்க 40 மெஷ் (அங்குலத்துக்கு 40 துளை) வலை அடிக்க வேண்டும். அந்த வலையில் பாதிக்கு மேல் நூல்தான், மீதிதான் துளை. ஆகவே வலையடித்த ஜன்னல் ஃபேன் அளவிலேயே இருந்தால் பாதி மூச்சு அங்கேயே அடைத்துவிடும். கணக்கு இதோ: 9 அங்குல ஃபேனின் வட்டப் பரப்பு ஏறத்தாழ 64 சதுர அங்குலம். வலைக்கு அதைப் போல மூன்று மடங்காவது வேண்டும், அதாவது 14 அங்குலத்துக்கு 14 அங்குலம். தூசி அடைவதையும் சேர்த்து நான் 18க்கு 18 விட்டிருக்கிறேன், ஃபேனுக்கு ஒன்று வீதம். வலையைச் சட்டத்தில் அடித்து, சட்டத்தைத் தாழ்ப்பாளில் மாட்டுங்கள். ஆணியில் நிரந்தரமாக அடித்தால் கழுவவே மாட்டீர்கள். எனக்கு என்னைத் தெரியும்.

ஃபேனுக்கு வெளியே ஒரு சின்ன மழைத் தடுப்பு ஷீட் வேண்டும். ஃபேனுக்கு வரும் வயர், நுழையும் இடத்துக்கு முன் ஒரு சாண் கீழே தொங்கி மேலேறட்டும். வயரில் வழியும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், மோட்டாருக்குள் போகாது. ஈர அறையில் மின்சாரம் விளையாட்டில்லை: எர்த் கட்டாயம், மின்கசிவு வந்தால் தானே அணையும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம். சுவிட்சு அறைக்கு வெளியே இருக்கட்டும்.

நேரம் வைப்பதும் ஈரம் காப்பதும்

காற்றும் ஈரமும் ஒன்றையொன்று இழுக்கும் இரண்டு மாடுகள். ஃபேன் கூடுதலாக ஓடினால் ஈரம் போய் மொட்டு காய்ந்து பழுப்பாகும். குறைத்தால் காம்பு நீளும். அறுவடை அறையில் ஈரப்பதம் 80 முதல் 90 சதவீதம் வேண்டும். ஈரமானி வாங்கியதும் ஒரு சோதனை செய்யுங்கள்: ஒரு மூடியில் கல்லுப்பு எடுத்து, குழைகிற அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, மானியோடு சேர்த்துக் காற்றுப் புகாத டப்பாவில் ஒரு நாள் வையுங்கள். 75 காட்ட வேண்டும். என் மானி 82 காட்டியது. இப்போது அது 90 என்றால் நான் 83 என்று படிக்கிறேன்.

கரியமில வாயு மானி வேண்டுமா? வாங்குவதானால் என்.டி.ஐ.ஆர். சென்சார் (அகச்சிவப்பு ஒளியால் அளப்பது) என்று போட்டதை வாங்குங்கள். மலிவு விலையில் கிடைக்கும் பல மானிகள் வேறு வாயுக்களை அளந்துவிட்டு மனக்கணக்கில் கரியமில வாயு எண்ணைக் காட்டும், காளான் அறை வாசனைக்கு அவை குழம்பிப்போகும். மானி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. காம்பைப் பாருங்கள். குடையின் அகலத்தைவிடக் காம்பு நீளமாகத் தெரிந்தால் காற்று போதவில்லை. குடையின் ஓரம் வெடித்துக் காய்ந்தால் காற்று அதிகம் அல்லது ஈரம் குறைவு.

நான் பிடித்திருக்கும் முறை இது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளிக்காற்றே ஈரமாக இருக்கும், ஃபேனைத் தாராளமாக ஓட்டலாம். ஒரு ஃபேன் நாள் முழுக்க ஓடும், மதியம் இரண்டும். வெயில் காலத்தில் ஒன்றை மாற்றி ஒன்று 10 நிமிடம் ஓட்டி 10 நிமிடம் நிறுத்துகிறேன், சுழல் டைமர் அதைப் பார்த்துக்கொள்ளும். பகலில் குறைத்த கணக்கை விடியற்காலை 3 மணி முதல் 6 மணி வரை இரண்டையும் போட்டு ஈடு செய்வேன். அப்போதுதான் வெளிக்காற்று குளிர்ந்திருக்கும். அக்னி நட்சத்திர நாட்களில் மேற்கு ஜன்னலுக்கு முன் ஒரு முழம் தள்ளி நனைத்த கோணிச் சாக்கைத் தொங்கவிடுகிறேன். சாக்கை வலையோடு ஒட்டிக் கட்டாதீர்கள், காற்று அடைபடும். சிப்பிக் காளானுக்கு ஒத்துவராத அளவு வெயில் என்றால் அந்த இரண்டு மாதம் பால் காளானுக்கு மாறிவிடுவது புத்திசாலித்தனம், அது 30 முதல் 35 டிகிரியைத் தாங்கும்.

தண்ணீர் தெளிக்கும்போது ஃபேனை நிறுத்துங்கள். தெளித்துக் கால் மணி நேரம் கழித்துப் போடுங்கள். குடை மேல் நிற்கும் தண்ணீர் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் உலர வேண்டும், இல்லாவிட்டால் மஞ்சள் பழுப்புப் புள்ளி விழுந்து வழவழப்பாகிவிடும். அது பாக்டீரியா வேலை.

உள்ளே சீலிங் ஃபேன் மாட்டலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். நேராக அடிக்கும் காற்று மொட்டைக் கொன்றுவிடும். மூலையில் காற்று தேங்குகிறது என்று தோன்றினால் ஒரு சின்ன டேபிள் ஃபேனைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வையுங்கள்.

தினமும், வாரமும், மாதமும்

தினமும் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. அறுவடைக்கு உள்ளே போவதற்கு முன் வெளிப் பக்கமாக வந்து ஷட்டரைப் பாருங்கள். மூன்று மடலும் ஒரே அளவுக்குத் தூக்கி நிற்கின்றனவா? ஒன்று தொங்கினால் விரலால் தட்டிவிடுங்கள். அரை நிமிட வேலை. ஊதுபத்திச் சோதனையை வாரத்துக்கு ஒரு தடவை வைத்துக்கொண்டேன். ஒரு தடவை ஃபேனுக்கு முன்னால், ஒரு தடவை ஜன்னலில், ஒரு தடவை கதவு இடுக்கில். ஜன்னலைவிடக் கதவு இடுக்கில் புகை வேகமாக உள்ளே இழுக்கப்பட்டால் வலை அடைத்துக்கொண்டது என்று அர்த்தம். ஃபேன் எங்கிருந்தாவது காற்றை இழுக்கத்தான் செய்யும், வலையில்லாத இடுக்கு வழியே ஈயும் சேர்ந்து வரும்.

வாரத்துக்கு ஒரு நாள் வலைச் சட்டத்தைக் கழற்றி, வெளியிலிருந்து உள்ளே அல்ல, உள்ளிருந்து வெளியே தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். தூசி வெளிப் பக்கம்தான் உட்கார்ந்திருக்கும். ஷட்டர் மடல்களை ஈரத் துணியால் துடைத்து, மடல் ஆடும் ஊசிமுனையில் மெழுகுவத்தியை லேசாகத் தேயுங்கள். எண்ணெய் போட்டால் தூள் ஒட்டிக்கொள்ளும்.

மாதம் ஒரு தடவை இறக்கை. சிப்பிக் காளான் விடும் வித்துத்தூள் கொஞ்சநஞ்சமல்ல, ஒரு ராத்திரியில் கீழ் உறியின் மேல் வெள்ளைப் பவுடர் படியும். அது இறக்கையின் முன் விளிம்பில் கட்டிப்போகிறது. நாலு இறக்கையில் ஒன்றில் மட்டும் கூடுதலாகக் கட்டினால் சமநிலை கெட்டு அதிர்வு வரும், அதிர்வு பேரிங்கைத் தின்னும். முகக்கவசம் போட்டுக்கொண்டு இந்த வேலையைச் செய்யுங்கள், என்-95 வகையாக இருக்கட்டும். காளான் அறையில் வருடக்கணக்கில் வேலை செய்து நுரையீரல் ஒவ்வாமை வந்தவர்கள் உலகம் முழுக்க உண்டு. அதற்கு மருத்துவத்தில் தனிப் பெயரே இருக்கிறது. உலர்ந்த துடைப்பத்தால் தட்டாதீர்கள், முதலில் கைத்தெளிப்பானால் நனைத்துவிட்டுத் துடையுங்கள். குடை ஓரம் மேல்நோக்கிச் சுருளுவதற்கு முன்பே அறுவடை செய்தால் பாதித் தூள் குறையும். காளானும் கடையில் கூடுதல் நாள் தாங்கும்.

ஃபேனைக் கழற்றிச் சுத்தம் செய்வது

ஆறு மாதத்துக்கு ஒரு முறை, அல்லது ஒவ்வொரு பருவம் முடிந்து அறையைக் காலி செய்யும்போது இதைச் செய்யுங்கள். மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்து, பிறகுதான் கை வைக்க வேண்டும். வயர்களைக் கழற்றுவதற்கு முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

மோட்டாரைக் கிளப்பிவிடும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். மரப்பிடி அல்லது பிளாஸ்டிக் பிடி போட்ட ஸ்குரூ டிரைவரால் அதன் இரு முனைகளையும் ஒரு கணம் சேர்த்துத் தொட்டால் இறங்கிவிடும். கம்பிக் கூண்டைக் கழற்றுங்கள். இறக்கை சிலவற்றில் அலன் திருகு வைத்துத் தண்டில் பிடிக்கப்பட்டிருக்கும், சிலவற்றில் நட்டு இருக்கும். அந்த நட்டு பல ஃபேன்களில் தலைகீழ் மரை, வலப்பக்கம் திருகினால்தான் கழலும். நான் ஒரு தடவை இடப்பக்கம் முறுக்கி முறுக்கிப் பிளாஸ்டிக் நடுப்பகுதியையே உடைத்தேன். கழற்றுவதற்கு முன் இறக்கைக்கும் தண்டுக்கும் ஒரே கோட்டில் சாக்பீஸ் குறி போட்டுவிட்டால் திருப்பி மாட்டும்போது பழைய சமநிலை மாறாது.

இறக்கையை வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்புப் போட்டு அரை மணி ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேயுங்கள். கம்பிப் பிரஷ் வேண்டாம். மோட்டாருக்குத் தண்ணீர் காட்டாதீர்கள், உலர்ந்த பெயிண்ட் பிரஷ் போதும். மோட்டார் இடுக்கிலும் வயர் நுழையும் துளையிலும் குளவி மண் கூடு கட்டியிருக்கும், குச்சியால் சுரண்டி எடுங்கள். எறும்பு சுவிட்ச் பெட்டிக்குள் போயிருக்கிறதா என்றும் பாருங்கள். ஆர்.சி.சி.பி. காரணமில்லாமல் விழுகிறது என்று நான் தலையைப் பிய்த்துக்கொண்ட ஒரு வாரம், காரணம் எறும்புதான்.

அறையைப் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவும் வழக்கம் உண்டு. அந்த நேரத்தில் ஃபேனைக் கழற்றி வெளியே வைத்துவிடுங்கள். முடியாவிட்டால் பாலித்தீன் பையால் இறுக மூடுங்கள். குளோரின் ஆவி இரும்பையும் அலுமினியத்தையும் அரிக்கும், காயில் செம்பையும் விடாது.

தண்டை விரல்களால் பிடித்து மெல்லச் சுற்றுங்கள். பட்டுப் போலச் சுற்றி மெதுவாக நிற்க வேண்டும். மணல் அரைவது போல் விரலுக்குத் தெரிந்தால் பேரிங் போய்க்கொண்டிருக்கிறது. தண்டை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், லொடலொடப்பு இருந்தால் பேரிங் போயேவிட்டது. பழைய பேரிங்கின் பக்கவாட்டில் எண் பொறித்திருக்கும். 6201 என்றால் உள்விட்டம் 12 மி.மீ., வெளிவிட்டம் 32. 6202 என்றால் 15, 35. கடையில் அந்த எண்ணோடு "2ஆர்.எஸ்." என்று சேர்த்துக் கேளுங்கள், அது இரு பக்கமும் ரப்பர் மூடியது. இசட்.இசட். என்று வருவது தகர மூடி, நம் அறை ஈரத்துக்கு ரப்பர்தான் தோது. இவற்றுக்குள் கிரீஸ் உள்ளேயே இருக்கிறது, மேலே எதையும் ஊற்ற வேண்டியதில்லை. பேரிங்கைச் சுத்தியலால் தட்டிக் கழற்ற முயல வேண்டாம். புல்லர் இல்லையென்றால் காயில் கட்டும் கடையில் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் முடித்துத் தருவார்கள்.

புஷ் வைத்த ஃபேனானால் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு மூன்று சொட்டு, தண்டையொட்டி இருக்கும் கம்பளித் துண்டின் மேல். தேங்காய் எண்ணெய் விட்டால் நாலு நாள் சத்தமில்லாமல் ஓடும், அப்புறம் பிசுபிசுத்துத் தண்டையே பிடித்துக்கொள்ளும். எங்கள் வீட்டுத் தேங்காய் எண்ணெய் டப்பாவை அறைக்குப் பக்கத்தில் வைக்க நான் விடுவதில்லை.

கெப்பாசிட்டரின் மேல் மதிப்பு அச்சிட்டிருக்கும், உதாரணமாக 2.5 மைக்ரோஃபாரட். மல்டிமீட்டரில் அளந்து பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தால் மாற்றிவிடுங்கள். வீங்கியிருந்தால் அளக்கவே வேண்டாம். புதியது அதே மதிப்பில், அதே வோல்ட்டேஜில் அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். மதிப்பைக் கூட்டிப் போட்டால் வேகமாக ஓடும் என்று சிலர் சொல்வார்கள், காயில் சூடேறிக் கருகும்.

சத்தம் என்ன சொல்கிறது

சுவிட்ச் போட்டதும் உறுமிக்கொண்டே நின்றால், இறக்கையைக் குச்சியால் ஒரு தட்டு தட்டிப் பாருங்கள். அப்புறம் ஓட ஆரம்பித்தால் கெப்பாசிட்டர். தட்டியும் ஓடாமல் கையால் சுற்றவும் கடினமாக இருந்தால் பேரிங் அல்லது புஷ் இறுகியிருக்கிறது. உடனே அணையுங்கள், ஐந்து நிமிடம் அப்படியே விட்டால் காயில் போய்விடும். ஓடும்போது ஒரே சீராக 'கிர்ர்' என்று அரைக்கும் சத்தம் பேரிங். விட்டுவிட்டு 'டக் டக்' என்றால் இறக்கை கூண்டில் உரசுகிறது அல்லது ஷட்டர் மடல் அடிக்கிறது. சுவரே அதிர்ந்தால் இறக்கையில் படிந்த தூள், அல்லது சட்டத்தின் போல்ட் தளர்ந்திருக்கிறது. வார்னிஷ் கருகிய வாசனை வந்தால் சத்தத்துக்குக் காத்திருக்காதீர்கள்.

சத்தமே மாறாமல் காற்று குறைவதுதான் மோசம். அடைத்த வலைக்கும் ஒட்டிய ஷட்டருக்கும் ஊதுபத்தியை விட்டால் வேறு சாட்சி கிடையாது.

கரண்டு போகும்போதும் பருவம் முடியும்போதும்

ஒரு மணி நேரம் கரண்டு இல்லாவிட்டால் ஒன்றும் குடிமுழுகாது. நாலைந்து மணி நேரம் என்றால் கதவையும் வலை ஜன்னல்களையும் திறந்து வையுங்கள். கதவுக்கும் உள்பக்கம் ஒரு வலைத் திரை இருந்தால் ஈ பயமில்லை. இன்வெர்ட்டரில் ஓட்டுவதானால் சைன் வேவ் இன்வெர்ட்டராக இருக்கட்டும். பழைய சதுர அலை இன்வெர்ட்டரில் மோட்டார் உறுமும், சூடாகும்.

பருவம் முடிந்து அறை காலியாக இருக்கும் மாதங்களில் ஃபேன் சும்மா கிடந்தால் காயிலில் ஈரம் ஏறும். வாரத்துக்கு அரை மணி நேரம் ஓட்டுங்கள், சூடு ஈரத்தை விரட்டிவிடும். அப்படிச் செய்யாமல் மூன்று மாதம் கிடந்த ஃபேனை மறுபடி போடுவதற்கு முன் எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து மெக்கர் (காயிலின் மின்காப்பை அளக்கும் கருவி) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் போடக் கூடாது, முதலில் நன்றாக வெயிலில் காய வேண்டும்.

ஒவ்வொரு ஃபேன் கூண்டிலும் ஒரு துண்டு வெள்ளை டேப் ஒட்டி, அழியாத மார்க்கரில் மூன்று விஷயம் எழுதி வைத்திருக்கிறேன்: பேரிங் எண், கெப்பாசிட்டர் மதிப்பு, கடைசியாகக் கழற்றிய தேதி. அதே எண்ணில் ஒரு ஜோடி பேரிங்கும் ஒரு கெப்பாசிட்டரும் ஸ்டோர் அறை அலமாரியில், ஊதுபத்திப் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் இருக்கின்றன.